வானம் பொது, கம்பி யாருடையது?



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் ஒருவர் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு அங்கே போய் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பேசும்போது ஒரு வேடிக்கை சொன்னார். அயோவாவுக்கென்று பெரிய அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சிகாகோவின் இரண்டு அணிகள், மில்வாக்கி, மின்னசோட்டா, கன்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ் என்று சுற்றியுள்ள ஆறு அணிகளும் அந்த மாநிலத்தைத் தங்கள் 'உள்ளூர்' என்று கணக்கு வைத்திருக்கின்றன. உள்ளூர் உரிமையை வட்டாரச் சேனல்கள் விலைக்கு வாங்கிவிட்டதால், நாடு முழுவதற்குமான சந்தா கட்டியவருக்கும் அந்த ஆறு அணிகளின் ஆட்டம் மட்டும் மறைக்கப்படும். "எங்கேயோ இருக்கிற டீம் எல்லாம் தெரியுது சார், பக்கத்து ஊர் டீம்தான் தெரியல. இதுக்குப் பேரு பிளாக்அவுட்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூத்தாநல்லூரில் இதை நாங்கள் நாற்பது வருடம் முன்பே பார்த்தாயிற்று!

நம் ஊரைச் சின்னச் சிங்கப்பூர் என்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே சபுராளிகள் வீடுகளில் டிவி வந்துவிட்டது. பெட்டி வந்ததே தவிர படம் வரவில்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975-இலேயே தொடங்கிவிட்டாலும் அதன் அலை நம் பக்கம் எட்டாது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. உடனே மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. ஒருவர் மேலே ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் முற்றத்தில் நின்று "தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார். கடல் பக்கமிருந்து காற்று நன்றாக இருந்தால் படமும் நன்றாக இருக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். 1983 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் 236 ரன் எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டினார். அது எங்களுக்குக் காதில்தான் விழுந்தது. 1985 செப்டம்பரில் கொழும்பில் இலங்கை நம்மைத் தோற்கடித்துத் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அது புள்ளி புள்ளியாகக் கண்ணில் விழுந்தது! சொந்த மாநிலத்து ஆட்டம் வானொலியில், கடல் தாண்டிய ஆட்டம் டிவியில்.

என் அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்ததே வானொலிதான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவார். ஆட்டத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே ஸ்லிப் எங்கே, பாயிண்ட் எங்கே என்று சொல்லக்கூடியவர் இந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

பிறகு தூர்தர்ஷனும் வந்தது, கேபிளும் வந்தது. கூடவே வழக்குகளும் வந்தன. சமூக அறிவியல் ஆசிரியன் என்பதால் இவற்றைக் கவனித்து வந்தேன். 1993-இல் ஹீரோ கோப்பை ஒளிபரப்பை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றதில் தூர்தர்ஷனுக்கும் சங்கத்துக்கும் மோதல். அதில்தான் 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது: வானலைகள் பொதுச்சொத்து, அரசுக்கோ தனியாருக்கோ அதில் ஏகபோகம் கிடையாது. பத்தாம் வகுப்பில் இதை நான் சொன்னபோது "அப்போ டிவி ஃப்ரீயா சார்?" என்று கேட்டவன் இன்று வழக்கறிஞராக இருக்கிறான். கேள்வி சரியான கேள்விதான்.

2004-இல் இந்திய அணி பாகிஸ்தான் போனது. உரிமை ஒரு தனியார் சேனலிடம். சாதாரண மக்கள் பார்க்க முடியாதே என்று சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் பொதுநல வழக்கு நடந்தது. தூர்தர்ஷனுக்கும் தர வேண்டும் என்றார்கள். உச்சநீதிமன்றம் 50 கோடி ரூபாய் வைப்புத்தொகை கட்டச் சொல்லி அதற்கு வழிவிட்டது. முல்தானில் சேவாக் 309 அடித்ததைத் தெருவே பார்த்தது.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது மறுபடி தகராறு. இந்த முறை டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு நூதனமான வழி கண்டது: தூர்தர்ஷனுக்கு ஏழு நிமிடம் தாமதமாக ஒளிபரப்பு. தனியார் சேனல் வைத்திருந்த பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்துவார்கள். ஏழு நிமிடம் கழித்து எங்கள் வீட்டில் விக்கெட் விழும். ஜோசியம் பலித்த மாதிரி இருக்கும். அம்மா, "அந்த வீட்டுச் சத்தம் கேட்டாச்சு, இனிமே பாக்க என்ன இருக்கு?" என்று எழுந்து போய்விடுவார். அடுத்த மாதமே அவசரச் சட்டமும், பின்னர் முழுச் சட்டமும் வந்தன. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவிக்கும் ஆட்டங்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு நேரலையாகப் பகிர்ந்தே ஆக வேண்டும். பத்து வருடம் நிம்மதி.

2017 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. பகிரப்படும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம். கேபிளிலும் கட்டண டிடிஎச்சிலும் வரும் தூர்தர்ஷனில் காட்டக்கூடாது. கோடி கோடியாகக் கொடுத்து உரிமை வாங்கியவனின் சரக்கு, தூர்தர்ஷன் வழியாகக் கேபிளில் சும்மா போனால் அவனிடம் யார் சந்தா கட்டுவார்கள் என்பது வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எண்பது தாண்டிய அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது? அதே டிவி, அதே கேபிள், அதே தூர்தர்ஷன். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. கேபிள்காரத் தம்பியைக் கேட்டால், "எங்க கையில ஒண்ணும் இல்ல சார்" என்றார். முழங்கால் வலியால் வாசலுக்குக்கூட வர முடியாமல் இருந்த அம்மாவுக்கு, ஆட்டம் உள்ள நாள்தான் நாள். "நம்ம தூர்தர்ஷன்தானேடா, அதை ஏன் நமக்கே மறைக்கிறான்?" என்று கேட்டார். தீர்ப்பை விளக்கினேன். கேட்டுவிட்டு, "தண்ணி பொது, மதகுச் சாவி மட்டும் வேற ஆள்கிட்டயா?" என்றார். கடைமடை விவசாயி வீட்டில் பிறந்தவர். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

2018 ஐப்பசியில் ஃப்ரீ டிஷ் வாங்கி மாடியில் பொருத்தினோம். ஒருமுறை செலவு, மாதச் சந்தா இல்லை. பழைய ரூபவாஹினி ஆன்டெனா பார்த்த ஏறக்குறைய அதே பக்கம்தான், தென்கிழக்கே வானத்தைப் பார்த்துத் திருப்பினோம். நவம்பர் 11 ஞாயிறு இரவு, சேப்பாக்கத்தில் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் டி20. நம் வாஷிங்டன் சுந்தர், தினேஷ் கார்த்திக் இருவரும் அணியில். ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசிக்கு முந்தைய பந்தில் 92 ரன்னில் தவான் அவுட். கடைசிப் பந்தில் ஒரு ரன். அம்மா மாத்திரை போட மறந்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை எந்த வீட்டுச் சத்தமும் முந்திக்கொள்ளவில்லை.

ஐந்தே நாளில் கஜா புயல். டிஷ் எங்கே போனது என்றே தெரியவில்லை. கம்பங்கள் விழுந்து, கரண்ட் வர நாட்கள் பல ஆயின. அம்மா கேட்டது பேட்டரி ரேடியோவை. 2020-இல் அவர் போய்ச் சேரும்வரை அது தலைமாட்டிலேயே இருந்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டணம் வசூலிப்பது தப்பு என்று வாதாட அல்ல. நாட்டுக்கே முக்கியம் என்று அரசு அறிவித்த ஆட்டம், கேபிள் வைத்திருக்கும் ஏழை வீட்டுக்கு மட்டும் எப்படி முக்கியமில்லாமல் போகும்? தரைவழிக் கோபுரங்களைத் தூர்தர்ஷன் பெரும்பாலும் மூடிவிட்டது. மிச்சமிருப்பது ஃப்ரீ டிஷ் ஒன்றுதான். ரஞ்சிக் கோப்பை அந்த முக்கியப் பட்டியலிலேயே இல்லை. 1988-இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றதை நாங்கள் பேப்பரில்தான் படித்தோம். நாளை மறுபடி வென்றால் நம் பேரப்பிள்ளைகள் எதில் பார்ப்பார்கள்? சந்தா கட்டியவன் போனில் பார்ப்பான். மற்றவன்?

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வீட்டு டிவியில் எது தெரிகிறது, எது மறைகிறது என்று ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தேவைப்பட்டால் மாடி ஏறி ஒரு டிஷ் வைத்துக் கொடுங்கள். போல்ட்டை மட்டும் நன்றாக முறுக்குங்கள், நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.