எண்ணும்மையும் இறக்குமதித் தீர்வையும்

இறக்குமதித் தீர்வையைப் பற்றிய சர்வதேசப் பேச்சுவார்த்தை என்றவுடன், இரு தேசத்துப் பிரதிநிதிகள் நீண்ட மேஜையின் இரு புறமும் அமர்ந்து, ஒருவர் இருபது சதவிகிதம் என்றும் மற்றவர் பத்து என்றும் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோலப் பேசி, கடைசியில் பதினைந்தில் கைகுலுக்கிக்கொள்வதாகவே பெரும்பாலோர் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. சுங்க இலாகாவில் ‘அப்ரைசர்’ உத்தியோகத்தில் தொடங்கி, பிற்காலத்தில் ஜெனீவாவில் தூதுக் குழுக்களின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பு எழுதிக் கொடுக்கும் ஸ்தானத்துக்கு வந்த எனக்கு, அந்தச் சித்திரத்தை முழுப் பொய் என்று தள்ள மனமில்லை. ஆனால் சதவிகிதத்தைப் பற்றிய விவாதம் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும். வஸ்துவின் பெயரைப் பற்றிய விவாதமோ பெயர் வைத்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் நடந்துகொண்டிருக்கும். டெலிபோன் சம்பந்தமான கருவிகள் விஷயத்தில் இதை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

அரிசி மூட்டையைப் பிரித்தால் அரிசி. இரும்புக் கம்பி தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும். டெலிபோன் கருவி அப்படியன்று. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றின் கொட்டகையில், மரப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தபோது, வைக்கோல் நிறக் காகிதச் சுருள்களுக்கிடையே, ஓர் ஓரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாகப் பதித்த பச்சைத் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ‘டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் உதிரி பாகங்கள்’ என்று பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரம் கூறியது. தகடுகளின் எண்ணிக்கையைக் கண்டு மிரண்ட நான், இது உதிரியன்று, முழு எக்ஸ்சேஞ்சே துண்டு துண்டாக வந்திருக்கிறது என்று எழுதி, மேலதிகாரியிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் ஒரு தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இது தனியாகப் பேசுமா, கேட்டுச் சொல்லும்” என்றார். எல்லாத் தகடுகளையும் கூட்டிச் செருகுவதென்றாலும், அவற்றைத் தாங்கும் சட்டமும் மின்வழங்கியும் அந்தச் சரக்கில் இல்லை என்பதை நான் பார்க்கவேயில்லை. தவறு முழுக்க என்னுடையது. பாகத்துக்கு ஒரு விகிதமும் முழுமைக்கு வேறு விகிதமுமாக இருந்த அந்நாளில், என் அவசரத்தால் அந்த வியாபாரி மூன்று வாரம் கொட்டகை வாடகை கட்டினார்.

1996ஆம் வருஷம் டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் முதல் மந்திரிகள் மாநாட்டில், கம்ப்யூட்டர், தொலைத்தொடர்புக் கருவி, செமிகண்டக்டர் முதலியவற்றின் மீதான தீர்வையை அறவே நீக்குவதென்று 29 தரப்பினர் அறிக்கை செய்தபோது, அந்தப் பொருள்களின் உலக வர்த்தகத்தில் சுமார் 90 சதவிகிதத்தைக் கையாளுகிறவர்கள் சேர்ந்தாலொழிய அது அமுலுக்கு வராது என்ற நிபந்தனையையும் வைத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்த சலுகையை எல்லா அங்கத்தினருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த அமைப்பின் மூலப் பிரமாணமாதலால், கையெழுத்துப் போடாதவனும் பந்தியில் உட்கார்ந்துவிடுவான் என்ற பயமே அதற்குக் காரணம். இந்தியா 1997 மார்ச்சில் சேர்ந்தது. 2005 வரை படிப்படியாகத் தீர்வையைக் குறைக்க அவகாசம் பெற்றது. அந்த உடன்படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் இரண்டாவது இணைப்பு. முதல் இணைப்பில் பொருள்களுக்குச் சுங்கத் தலைப்பு எண்கள் உண்டு; இரண்டாவதிலோ, எந்த எண்ணின் கீழ் வைப்பது என்று சுங்க மனைகளுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படாத வஸ்துக்களை, எங்கே வகைப்படுத்தினாலும் சரி, வர்ணனையில் சொன்ன பொருள் இதுவானால் தீர்வையில்லை என்று எழுதிவிட்டார்கள். தோற்றுப்போனதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட ராஜதந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே சமயத்தில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அட்டைகளைப் பிரிட்டனும் அயர்லாந்தும் தொலைத்தொடர்புக் கருவியாக வகைப்படுத்தி, கூடுதல் தீர்வை கேட்டதால் எழுந்த வழக்கும் நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டராகவே நடத்துவார்கள் என்றுதான் நம்பியிருந்தோம் என்றது அமெரிக்கா. ஒரு தரப்பாரின் நம்பிக்கை உடன்படிக்கைக்குப் பொருள் சொல்லாது, இரு தரப்பாரின் பொது எண்ணமே சொல்லும் என்று 1998இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் கூறிவிட்டது. மேஜையில் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்ட எதுவும் உடன்படிக்கையில் இல்லை என்று நான் அதைப் படித்தேன்.

இந்த விவகாரத்தில் கருவியும் சும்மாயிருப்பதில்லை, எண்ணும் சும்மாயிருப்பதில்லை. 1996இல் ஒலிபரப்புக் கருவிகளின் உறவினனாக 8525ஆம் தலைப்பில் குடியிருந்த கைபேசி, 2007ஆம் வருஷத் திருத்தத்தில் 8517க்கு, அதாவது டெலிபோன் வீட்டுக்கே, குடிபெயர்ந்தது. பிரஸ்ஸல்ஸிலுள்ள சர்வதேசச் சுங்க அமைப்பு எண்களைத் திருத்தும்போதெல்லாம் ஒவ்வொரு தேசமும் தன் வாக்குறுதி அட்டவணையைப் புதிய எண்களில் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்ப்பில் உரிமை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேட்பதற்குக் குமாஸ்தா வேலைபோல் தோன்றும், ஆபத்தெல்லாம் அங்கேதான்.

சொல்லின் ஆபத்துக்கு உள்ளூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2014 ஜூலையில், சில நவீனத் தொலைத்தொடர்புக் கருவிகள் பழைய உடன்படிக்கையில் அடங்காதவை என்ற அபிப்பிராயத்தில், இந்தியா அவற்றின் மீது 10 சதவிகிதத் தீர்வை விதித்தது. அந்த அறிவிக்கையில் ‘மைமோ’ என்றும் ‘எல்.டி.ஈ.’ என்றும் இரண்டு சொற்களைச் சேர்த்து, நடுவில் ‘அண்ட்’ என்ற ஆங்கில இடைச்சொல்லைப் போட்டு, பின்னால் ‘கருவிகள்’ என்று முடித்திருந்தார்கள். மைமோ என்பது பல ஆன்டெனாக்களால் ஒரே சமயத்தில் அனுப்பிப் பெறும் முறை, எல்.டி.ஈ. என்பது நாலாந் தலைமுறைக் கைபேசிச் சேவையின் முறை. ஓட்டல் தாழ்வாரத்தின் கூரையில் வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்ததுபோல் ஒட்டியிருக்கிறதே வைஃபைப் பெட்டி, அதில் முன்னது உண்டு, பின்னது இல்லை. அதற்குத் தீர்வை உண்டா? இரண்டும் ஒருங்கே இருந்தால்தான் உண்டு என்றார்கள் இறக்குமதியாளர்கள். எது ஒன்று இருந்தாலும் உண்டு என்றது இலாகா. வழக்குகள் தீர்ப்பாயம் வரை சென்று, இறக்குமதியாளர் வாதத்தை ஏற்ற தீர்ப்புகளும் வந்தன.

தமிழில் எண்ணும்மையோடு எழுதியிருந்தால் இந்த வழக்கே பிறந்திராது. ‘மைமோவும் எல்.டி.ஈ.யும் உடைய கருவிகள்’ என்றால் ஒரு பொருள். ‘மைமோ உடைய கருவிகளும் எல்.டி.ஈ. உடைய கருவிகளும்’ என்றால் வேறு பொருள். ‘உம்’ என்ற எண்ணும்மையைக் கொண்டு எழுதுவதானால், அதை எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுவது என்று தீர்மானிக்காமல் நம்மால் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. இலக்கண வாத்தியார் பிரம்போடு கற்பித்ததை நான் ஜெனீவாவில் பிரயோகித்தேன்: முக்கியமான நகல் வாசகம் கைக்கு வந்ததும், ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்ப்பேன். ‘உம்’ எங்கே விழும் என்று தெரியாமல் பென்சில் நின்ற இடத்தில், மறுநாள் எங்கள் தலைவர் கையை உயர்த்தி விளக்கம் கேட்பார்.

பிற்பாடு நடந்தது பத்திரிகைகளில் வந்ததுதான். 2017 ஜூலையில் 10, டிசம்பரில் 15, 2018இல் 20 சதவிகிதம் என்று இந்தியாவில் கைபேசித் தீர்வை ஏறியது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், சீனத் தைபே என மூவர் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடினார்கள். 2007ஆம் வருஷ எண்களுக்கு அட்டவணையைப் பெயர்த்தபோது பிழை நேர்ந்துவிட்டது என்று உடன்படிக்கைகளுக்கான சட்டத்தைப் பற்றிய 1969ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 48ஆம் ஷரத்தைக் காட்டி இந்தியா வாதித்ததை, 2023 ஏப்ரலில் விசாரணைக் குழுக்கள் ஏற்கவில்லை. மேல்முறையீட்டு மன்றமோ 2019 டிசம்பரிலிருந்தே செயலிழந்து கிடக்கிறது. முழுமையடைந்த கருவிக்குத் தீர்வையில்லை, அதைச் செய்யும் பாகங்களுக்கு உண்டு என்ற தலைகீழ் நிலையால் நம்முடைய தொழிற்சாலைகள் பட்ட பாட்டை அறிந்தவன் ஆதலால், தீர்வையை உயர்த்தியதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பெயர்த்தெழுதிய அட்டவணையை ஒவ்வொரு வரியாக, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, படித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு, இன்னும் உத்தியோகத்திலிருக்கும் இளைஞர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார்.

“சார், ஆன்டெனான்னு பில்லுல போட்டிருக்கான். உள்ள ரேடியோவும் சேர்ந்தே இருக்கிற மாதிரி படத்துல தெரியுது. பாகமா, முழுசா, எதுல வைக்கிறது சார்?”

“படம் இருக்கட்டும் தம்பி. பெட்டியைத் திறந்தாச்சா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சப்தமில்லை. “காலையில திறந்துட்டுக் கூப்பிடுறேன் சார்” என்றார்.