கரையில் ஓர் இரவு

இராயபுரம் என்னும் பெயரிலேயே நம் புனித இராயப்பர் குடியிருக்கிறார். வலையை விட்டு ஆண்டவரைப் பின்தொடர்ந்த அந்த மீனவரின் பெயரைக் கடலோரத்து ஊர் ஒன்று தாங்கி நிற்பது எவ்வளவு பொருத்தம்! இங்குள்ள இராயப்பர் ஆலயத்தை எழுப்பியவர்களும் செல்வந்தர் அல்லர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகோட்டிப் பிழைத்த எளிய மக்களே.

அந்நாளில் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. துறைமுக வேலை தொடங்கியதே 1875இல்தான்; கட்டிய சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது. அதற்கு முன்பெல்லாம் பெருங்கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரை சேர்க்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். மாதக்கணக்கில் கடல் கடந்து நலமாக வந்தவர்கள், கரை கண்ணுக்கெதிரே தெரிய, கடைசி அலையில் கவிழ்ந்து மாண்டதும் உண்டு. நெடும் பயணத்தில் அபாயம் நடுவழியில் இருப்பதைவிடத் தொடக்கத்திலும் முடிவிலுமே மிகுதி என்பதை இராயபுரத்தின் முன்னோர் நன்கறிவர்.

இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்தே வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அப்பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆக, கடல்வழியும் இருப்புப் பாதையும் கைகோத்த இடம் இது. இங்கு வாழ்வதால்தானோ என்னவோ, கப்பலேறப் போகிறவர்கள் பலரும் நம்மிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்கு நாம் தவறான வழி சொன்னோம். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2024ஆம் ஆண்டுத் தவக்காலம். நெல்லைச் சீமையில் உள்ள ஒரு சிற்றூரின் பங்குத்தந்தை நம் குருமடத் தோழர். அவருடைய பங்கைச் சேர்ந்த விதவைத் தாய் ஒருவர் அந்தமானுக்குக் கப்பலில் செல்லவிருப்பதாகவும், அவருடைய ஒரே மகள் அங்கே தலைப்பிரசவத்திற்குக் காத்திருப்பதாகவும், சென்னையில் அவருக்கு அறிமுகமானவர் எவருமில்லை என்றும் எழுதி, என்றைக்கு வந்தால் போதும் என்று கேட்டிருந்தார். அது குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வாரம். வேலைகள் மலைபோல் குவிந்திருந்தன. “கப்பலேறும் நாளன்று காலையில் வந்தால் போதும்; துறைமுகம் என்று சொன்னால் எவரும் கொண்டுவந்து விடுவார்கள்” என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினோம். அவ்விரண்டு வரியிலும் இரண்டு பிழைகள்.

அத்தாய் பேருந்தில் வந்தார். தென்மாவட்டப் பேருந்துகள் 2023ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் நின்றுவிடும் என்பதை நாம் நினைவில் கொள்ளவில்லை. அங்கிருந்து துறைமுகம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். வாடகைக் காரில் ஏறி, நாம் எழுதியபடியே “துறைமுகம்” என்றார். ஓட்டுநர் அவரை எண்ணூருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அவர்மீதும் குற்றமில்லை. நம் வடசென்னைக் கடற்கரையில் இன்று துறைமுகம் ஒன்றல்ல, மூன்று. இராஜாஜி சாலையை ஒட்டிய பழைய சென்னைத் துறைமுகம் ஒன்று. எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராசர் துறைமுகம் மற்றொன்று. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வேறொன்று. பின்னிரண்டும் சரக்குக்கானவை. நிலக்கரி மலைகளுக்கு நடுவே, கையில் பிரசவ மருந்துப் பொட்டணத்துடன் அத்தாய் நின்றபோதுதான் நமக்குத் தொலைபேசி வந்தது.

திரும்பி வரும் வழியோ திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலை. துறைமுகத்துள் நுழையக் கொள்கலன் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் நிற்கும் சாலை அது. நாம் பழைய துறைமுகத்தின் வாயிலில் காத்து நின்றோம். அவர் வந்து சேர்ந்தபோது ஆள் ஏற்றும் நேரம் முடிந்திருந்தது. சிறிது நேரத்தில் கப்பலின் சங்கு ஊதியது. அவ்வொலியை நாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். அன்று கேட்டதுபோல் என்றும் கேட்டதில்லை.

அடுத்த கப்பலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. வானூர்திக்குப் பணம் திரட்டித் தருவதாகச் சொன்னோம். “வானத்துல போவ எனக்குப் பயமா இருக்கு சாமி. கப்பலே வரட்டும்” என்றார். பங்கு இல்லத்தில் பெண்கள் தங்க வசதியில்லை. என் செய்வதென்று திகைத்தபோது, காசிமேட்டில் மீன்கூடை சுமந்து விற்கும் கைம்பெண் ஒருவர் முன்வந்து, “அக்கா எங்கூட வந்து இருக்கட்டும் சாமி” என்றார். பத்தடிக்குப் பத்தடி வீடு. அதில் ஏற்கெனவே மூன்று பேர். நான்காவதாக அத்தாய் அங்கே தங்கினார்.

பதினோராம் நாள் குழந்தை பிறந்தது. கோவில் தாழ்வாரத்தில் அமர்ந்து, தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, “புள்ள அழுவுறது கேக்கு சாமி” என்று அவர் சொன்னபோது, சிரித்தாரா அழுதாரா என்று நமக்குத் தெரியவில்லை. தாய் அருகிலில்லாமல் மகள் பெற்றெடுத்தாள். ஒரு வார்த்தையேனும் அவர் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அன்று முதல், கப்பலேறுகிறவர்களுக்கு நாம் பொறுப்பாக வழி சொல்லக் கற்றுக்கொண்டோம். நம் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும்.

முதலாவது, கரையில் ஓர் இரவு. கப்பலுக்கு முந்தின நாளே சென்னைக்கு வந்து தங்குங்கள். இரயிலுக்கு அட்டவணை உண்டு; கடலுக்கு இல்லை. நான்கவுரி, சுவராஜ் தீப் முதலிய பெயர்களைத் தாங்கிய அந்தமான் கப்பல்களில் ஏறியவர்களைக் கேட்டால், புறப்படும் நேரம் முன்பின்னாக மாறும் என்பதை அறியலாம். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரம். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். மாதத்திற்குச் சில கப்பல்களே உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் மறுநாள் வேறொன்று வராது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலமானால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, இடத்தின் பெயரை முழுமையாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “சென்னைத் துறைமுகம், இராஜாஜி சாலை” என்று எழுத வேண்டும். எந்த வாயிலில் நுழைவது, எத்தனை மணிக்கு, என்னென்ன அடையாள அட்டை என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டு அதனடியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காரைவிட மின்சார இரயில் நம்பத்தக்கது. எழும்பூரில் இறங்கினாலும் தாம்பரத்தில் இறங்கினாலும் ‘கடற்கரை’ நிலையத்திற்கு நேராக மின்தொடர் வண்டி உண்டு. அந்நிலையம் இராஜாஜி சாலையிலேயே, துறைமுகத்திற்கு எதிரே உள்ளது. கிளாம்பாக்கத்தில் இறங்குவோர் அருகிலுள்ள வண்டலூருக்கோ தாம்பரத்திற்கோ பேருந்தில் வந்து அதே வண்டியைப் பிடிக்கலாம். விமான நிலையத்திலிருந்து வருவோர்க்கு மெட்ரோ இரயில் சென்ட்ரல், உயர்நீதிமன்றம், மண்ணடி வழியாக வருகிறது. அப்பாதை 2021 முதல் திருவொற்றியூரைத் தொட்டு விம்கோ நகர் வரை நீள்வதால், வடசென்னையில் உறவினர் வீட்டில் தங்குவோரும் லாரி வரிசையில் சிக்காமல் வரலாம்.

நான்காவது, அக்கரையையும் எண்ணிப் பாருங்கள். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரில், ஹேடோ துறையில் கப்பல் நிற்கும். அங்கிருந்து வேறு தீவுக்குச் செல்வோர் அன்றே அடுத்த படகுக்குச் சீட்டு எடுத்துவிட வேண்டாம். அங்கும் நமக்கு உறவு உண்டு. 1984இல் அத்தீவுகளுக்கெனத் தனி மறைமாவட்டம் உருவாயிற்று. அதன் பேராலயம் கடலின் விண்மீனாம் அன்னை மரியின் பெயரைத் தாங்கியுள்ளது. போகுமுன் உங்கள் பங்குத்தந்தை வழியாக ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். நடுக்கடலில் கைப்பேசி பேசாது என்பதை வீட்டாருக்கு முன்னரே சொல்லிவையுங்கள். மூன்று நாள் அவர்கள் கலங்கவேண்டாம்.

ஐந்தாவது, திரும்பும்போதும் கரையில் ஓர் இரவு. கப்பல் வந்தடையும் என்று சொல்லப்பட்ட அன்றே ஊருக்கு இரயில் சீட்டு எடுப்போர் பலர். கப்பல் அரை நாள் தாமதித்தால் அந்தப் பணம் வீண். தாமதிக்காவிட்டாலும், இறங்கிய பின்னும் ஒரு நாள் வரை தரை ஆடுவதுபோல் தோன்றும். முதியோரை அந்நிலையில் இரவு வண்டியில் ஏற்றுவது நன்றன்று.

நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்தே இருந்தனர். 1914இல் பாம்பன் பாலம் எழுந்தபின், எழும்பூரிலிருந்து ‘போட் மெயில்’ வண்டி தனுஷ்கோடிக்குச் செல்லும். அங்கே கப்பல் காத்திருந்து தலைமன்னாரில் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து கொழும்புக்கு வேறு வண்டி. இரயிலும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்ற காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ பல பத்தாண்டுகள் நம் மக்களைச் சென்னையிலிருந்து நாகை வழியே மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. அதற்குப்பின் வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீ விபத்துக்கு உள்ளாகி, அச்சேவையும் நின்றுபோயிற்று. 2022 முதல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல்களும் புறப்பட்டுள்ளன. உல்லாசத்திற்கு ஏறுபவரானாலும் வயிற்றுப்பாட்டிற்கு ஏறுபவரானாலும் கரையில் தங்க ஓரிடம் வேண்டும்.

புனித சின்னப்பரின் உரோமைப் பயணத்தைத் திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி இரு அதிகாரங்களில் வாசித்துப் பாருங்கள். பருவம் கடந்துவிட்டது, பயணம் வேண்டாம் என்று அவர் எச்சரித்தும், நூற்றுவர் தலைவன் மாலுமியின் சொல்லையே நம்பினான், கப்பல் உடைந்தது. மால்தாத் தீவில் மூன்று மாதம், சிரக்கூசாவில் மூன்று நாள், புத்தெயோலியில் சகோதரரைக் கண்டு ஏழு நாள் என்று தங்கித் தங்கியே அவர் சென்றார். பின்னர் உரோமைக்குத் தரைவழி நடக்கும்போது, அந்நகரத்துச் சகோதரர்கள் அப்பியு சந்தை வரையிலும், அதாவது அறுபது கிலோமீட்டருக்கும் மேல், எதிர்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கண்ட பிறகே சின்னப்பர் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என்று லூக்கா எழுதுகிறார். புயலிலும் கலங்காத அவருக்கே, வழியில் எதிர்கொண்டு வந்த சிலருடைய முகம் வேண்டியிருந்தது!

அத்தாய் பின்னர் கப்பலேறிச் சென்றார். நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். இம்முறை ஊருக்குச் செல்லும் இரயிலுக்கு இரண்டு நாள் தள்ளியே சீட்டு எடுக்கச் சொல்லியிருந்தோம். கப்பல் ஒரு நாள் பிந்தி வந்தது, சீட்டு வீணாகவில்லை. நாமும் காசிமேட்டு அம்மையாரும் வாயிலில் காத்திருந்தோம். இறங்கி வந்தவர் முதலில் நம்மைப் பார்க்கவில்லை. அம்மையாரின் கையைப் பற்றிக்கொண்டு, பேரனின் நிழற்படத்தை எடுத்துக் காட்டினார். பிறகே நம் பக்கம் திரும்பி, “இப்ப துறைமுகத்துக்கு வழி எனக்கும் தெரியும் சாமி” என்றார்.

இன்று நம் பங்கில் ஏழு வீடுகள், கப்பலேற வருவோர்க்கு ஓர் இரவு இடம் தர இசைந்துள்ளன. அவற்றுள் ஒன்றும் பெரிய வீடு அன்று. கடலோரப் பங்குகளில் வாழும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாய்க்கு இடமிருக்குமானால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள். எவரேனும் உங்களிடம் வழி கேட்டால், நாம் செய்ததுபோல் இரண்டு வரியில் பதில் எழுதாமல், நேரில் நின்று அழைத்துச் செல்லுங்கள்.