பூச்சைக்குச் சோறு

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பில் என் கையெழுத்து இருந்தது. ‘வளாகத்துக்குள் பூனைகளுக்கு உணவிடக் கூடாது. மீறினால் அபராதம் 500 ரூபாய்.’ சங்கத்துக்குச் செயலாளர் நான். சாயங்காலம் அம்மை அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். கையில் சாளை மண்டையும் சோறும் பிசைந்த சிரட்டை.

“லேய் மக்கா, இது எனக்கா எழுதியிருக்கு?”

பதில் சொல்லாமல் லிஃப்டுக்குள் ஏறிவிட்டேன்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் பூனை இன்றைக்கும் பூச்சைதான். கம்பன் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூசையும் இதுவே. ஊர் வீட்டை விற்று நாகர்கோவிலில் மூன்றாம் மாடிக்கு வந்தபிறகு, அம்மைக்கு முற்றமாக மிஞ்சியது கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலை மட்டும்.

புகார்கள் பொய்யில்லை. மூத்திர நாற்றம், பைக் சீட்டில் நகக்கீறல், ராத்திரி முழுக்கக் கடுவன்களின் சண்டை. குட்டி போட்ட தள்ளைப்பூச்சை ஒன்று கீழ்வீட்டுப் பையனைப் பிறாண்டியதும், அவர்கள் தடுப்பூசிக்கு அலைந்ததும் உண்மை.

2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத்தான் கூட்டத்தில் எல்லோரும் காட்டினார்கள். தெருவில் உணவிடக் கூடாது என்ற பாதியை வாசித்தோம். வார்டுதோறும் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும், வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்ற பாதியை விட்டுவிட்டோம். உத்தரவு நாய்களுக்கானது என்றுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

அறிவிப்புக்குப் பிறகு பூச்சைகள் எங்கும் போய்விடவில்லை. ஒரு மூலையில் தின்றவை ஆறு மூலைகளில் குப்பைப் பையைக் கிழித்தன. அம்மை ராத்திரி பதினொரு மணிக்குத் திருடிபோல் இறங்கிப்போனாள். ஒருநாள் காலையில் எங்கள் கார் டயரின் அடியில் இரண்டு குட்டிகள் நசுங்கிக் கிடந்தன. அவள்தான் பழைய துணியில் பொதிந்து எடுத்தாள்.

அன்றைக்குத்தான் கால்நடை மருத்துவரிடம் போனேன். பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகும், சுமார் அறுபத்துநாலு நாளில் ஈனும் என்றார். பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டால் காலி இடத்துக்குப் புதியவை வரும். கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்து, அதே இடத்தில் விடவேண்டும். பிறகு கேட்டார்: “யார் சோறு போடறாங்க? எத்தனை மணிக்கு?” தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற பூனையைத்தான் கூண்டில் பிடிக்கமுடியும். எத்தனை உருப்படி, எது சினை, எது புதிது என்று தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் நான் 500 ரூபாய் அபராதம் எழுதி வைத்திருந்தேன்.

2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளையும் அப்போதுதான் வாசித்தேன். யாருக்கும் சொந்தமில்லாத விலங்குகளுக்கு உணவிட, குழந்தைகள் விளையாடும் இடமும் படிக்கட்டும் வாசலும் தவிர்த்து, இடமும் நேரமும் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் வேலை என்கிறது 20-ஆவது விதி. அதாவது, என் வேலை.

அம்மையிடம் விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

“ஒன்னைப் பெத்த மூணாம் நாளு எனக்கு அறுத்தாங்க. ஒனக்க அப்பா ஒப்பு போட்டாரு. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

நாற்பது வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: “பூச்சைக்கிட்ட கேக்க முடியாது. பெத்துப்பெத்துச் சாகக் குடுக்கியதையும் பாத்தாச்சு. கூண்டைக் கொண்டா.”

மூன்று வாரத்தில் ஏழு பூச்சைகள். முதல்நாள் ராத்திரி சோறு நிறுத்துவதும், விடியற்காலையில் கூண்டுக்குள் சாளை வைப்பதும், கதவு விழுந்ததும் தன் பழைய சேலையால் மூடுவதும் அவள்தான். மூடினதும் கத்தல் நிற்கும். பெரிய கடுவன் ஒன்று மட்டும் இன்னும் சிக்கவில்லை.

திரும்பிவந்த தள்ளைப்பூச்சையின் மழித்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “எனக்கு ஏழுநாளு வலிச்சு” என்றாள், என்னிடமில்லை.

போனவாரம் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். பின்மதில் ஓரம், மாலை ஆறு மணி, அரைமணி நேரத்தில் இடத்தைக் கழுவவேண்டும். அம்மை வந்து பார்த்தாள்.

“ஒப்பு போட்டியா?”

“போட்டேன்.”

“முழுசும் வாசிச்சிட்டா போட்ட?”