பெயர்ப் பொருத்தம் பார்த்த வயர்

"அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலேம்மா!" என்று என் பெண் அழுதபோது நான் நம்பவில்லை. அது இன்னும் மனசை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சீட்டுப் பணத்தில் அவளுக்குப் பழைய கீ-போர்டு ஒன்று வாங்கினோம். கம்ப்யூட்டரில் இணைத்தால் வாசிப்பதைப் பதிந்து, தப்பைத் திருத்திக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னதால் ஒரு வயரும் வந்தது. ஒரு பக்கம் யு.எஸ்.பி. முனை, மறுபக்கம் ஐந்து ஊசிகளோடு உருண்டையாய் இரண்டு முனைகள். மாட்டினோம். கீ-போர்டு தனியாக நன்றாகத்தான் பாடியது. கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. "நோண்டி நோண்டிக் கெடுத்துட்டியே!" என்று கத்திவிட்டேன். ரிப்பேர்க்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "வயர் மாட்டற இடத்திலே போர்டு போயிடுச்சு, நாலாயிரம் ஆகும்" என்றார். "வித்துடலாம்" என்றார் இவர். பெண் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

விற்பதற்காகப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினேன். வயர் வந்த பெட்டியில் ஒரு துண்டுத் தாள். இங்கிலீஷ் எனக்குத் தகராறு, பத்தாவதோடு நின்றவள். ஆனால் படத்தில் அம்புக்குறி இருந்ததே! 'இன்' என்று எழுதிய முனை, கீ-போர்டின் 'அவுட்' துளைக்குப் போயிற்று. நாங்களோ பெயர்ப் பொருத்தம் பார்த்து, இன்னுக்கு இன், அவுட்டுக்கு அவுட் என்று மாட்டியிருந்தோம்! கீ-போர்டிலிருந்து வெளியே வருவது கம்ப்யூட்டருக்கு உள்ளே போகவேண்டும். குடத்துக்குமேல் குழாய் இருந்தால்தானே தண்ணீர் விழும்? நல்லவேளை, மாற்றி மாட்டுவதால் எதுவும் கெட்டுவிடாதாம்.

முனைகளை மாற்றினேன். கட்டையை அழுத்தியதும் வயரிலுள்ள குட்டி விளக்கு மினுக்கியது. ஆனால் சத்தம்? ஊஹும்.

பெண் ஓடி வந்தாள். "இந்த வயர்லே சத்தமே போகாதும்மா. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அழுத்தினேங்கிற சேதிதான் போகும்" என்றாள். அதற்கு மிடி என்று பெயராம். 1983-ல் வந்த ஏற்பாடு. அதனால்தான் எங்கள் பழைய கீ-போர்டும் இன்றைய கம்ப்யூட்டரோடு பேசுகிறது. சேதியைச் சத்தமாக்க, கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் பியானோவைத் தேர்ந்தெடுத்தாள். பாடியது!

அதிலும் ஒரு சங்கடம். கட்டையைத் தொட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் ஸ்வரம் கேட்டது, எதிரொலி மாதிரி. வயரில்லாத புளூடூத் ஸ்பீக்கர் (இவர் ஆசையாய் வாங்கியது) செய்த தாமதம் அது. அதை விலக்கி, வயர் வைத்த ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் செருகியதும் சரியாயிற்று.

"உன்னைத் திட்டினது தப்புடி" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, வாசிக்க ஆரம்பித்தாள்.