கோடு தாண்டும் மீன்குழம்பு

பாறசாலையிலிருந்து வேலை தேடி டெல்லிக்கோ மும்பைக்கோ போகிறவருக்கு அங்கே ஒரு தமிழ்ச் சிநேகிதர் வாய்த்தால், பழக்கம் முற்றியதும் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "அது சரி, நீங்கள் தமிழரா, மலையாளியா?" பதில் இழுபறியானால் துணைக் கேள்விகள் தொடரும். ஊரில் என்ன வேலை? வீட்டில் என்ன சமையல்? வீடு எப்படி இருக்கும்? என்ன பாட்டு கேட்பீர்கள்? இந்த நான்குக்கும் விடை உண்டு. முதல் கேள்விதான் சிக்கல்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் சுமார் 20 கி.மீ. தெற்கே வந்தால் நெய்யாற்றின்கரை. இன்னும் 10 கி.மீ. போனால் பாறசாலை. அதைத் தாண்டியதும் களியக்காவிளைச் சந்தை, தமிழ்நாடு. கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதைக் கவனித்தால்தான் மாநிலம் மாறியது தெரியும். தென்னையும் வாழையும் ரப்பரும் மாறுவதில்லை. பேச்சும் சட்டென்று மாறிவிடாது. விளவங்கோட்டுத் தமிழைக் கேட்கும் மதுரைக்காரர் அதை மலையாளம் என்பார். பாறசாலை மலையாளத்தைக் கேட்கும் திருச்சூர்க்காரர் அதில் பாதி தமிழ் என்பார்.

கோடு விழுந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முன் எல்லாமே திருவிதாங்கூர். தமிழ் பேசும் தென் வட்டங்களைச் சென்னை மாகாணத்துடன் இணைக்கக் கோரி நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. தன் கட்சியின் முதல்வரான பட்டம் தாணுப்பிள்ளையே பதவி விலக வேண்டும் என்றார் ராம் மனோகர் லோகியா. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. கோரிக்கைப் பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு இன்னொரு மாநிலம் என்று ஆனது அப்போதுதான்.

முதலில் வேலை. விடிவதற்கு முன்பே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு தொடங்கிவிடும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் அடையாளம் பனையேற்று. பதநீருக்கு இங்கே 'அக்கானி' என்று பெயர், இரு பக்கத்திலும். பனையேறி குடும்பங்களின் வாழ்க்கையைத்தான் ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியான 'புத்தம் வீடு' நாவலில் எழுதினார். இன்று பனை ஏறும் ஆட்கள் குறைவு. கட்டட வேலைக்குக் கேரளத்தில் கூலி அதிகம் என்பதால் காலை பஸ்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொத்தனார்கள் வடக்கே போகிறார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பாலராமபுரத்தில் இன்னொரு கதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா மன்னரும் திவான் உம்மிணித் தம்பியும் தெற்கேயுள்ள தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்களை அழைத்து வந்து குடியமர்த்தினார்கள். குழித்தறியில் அவர்கள் நெய்த கசவுக்கரை வேட்டியும் முண்டும்தான் மலையாளியின் ஓணக் கோடி. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் அந்தக் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சந்தையில் அதற்குப் போட்டியாக வந்து நிற்பது தமிழ்நாட்டு விசைத்தறித் துணி. தமிழ் மண்ணிலிருந்து வந்த நெசவை அங்கிருந்து வரும் மலிவுத் துணியே நெருக்குகிறது.

அடுத்தது சாப்பாடு. சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, வேகவைத்து மசித்த மரச்சீனி. அவியலும் தீயலும் எந்தப் பக்கத்துச் சொத்து என்று கேட்டால் சண்டைதான் வரும். பலாப்பழம் இரு பக்கமும் 'சக்கை'தான். கல்யாணப் பந்தியில் இலையில் போளியை வைத்து அதன் மேல் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது திருவனந்தபுரம் வட்டாரத்துக்கே உரிய பழக்கம். போளி வந்தது தமிழர் கையோடு. மரச்சீனியைப் பரப்பியவர் என்று 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்குதான்.

சோற்றில்தான் எல்லைக்கோடு உறுத்துகிறது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. 1956இல் அது தமிழ்நாட்டுக்குப் போனது. நெய்யாற்று அணை கேரளத்தில் நின்றது. அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தர வேண்டியது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையேயான நதி அல்ல என்பது அதன் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. எதிர்த் திசையில், தமிழ்நாட்டு ரேஷன் அரிசி களியக்காவிளை வழியாகக் கள்ளத்தனமாகக் கடப்பதும், பிடிபடுவதும் வாடிக்கை. தண்ணீர் தெற்கே வரவில்லை, அரிசி வடக்கே போகிறது.

மூன்றாவது வீடு. மதுரை, நெல்லைப் பக்கத்து கிராமம்போல் தெருத் தெருவாக வீடுகள் ஒட்டி நிற்பது இங்கே அபூர்வம். நெசவாளர் தெரு, அக்ரகாரம் போன்றவை விதிவிலக்கு. மற்றபடி ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் 'விளை'. களியக்காவிளையில் இருப்பதும் அதே விளைதான். முன்பு மண்சுவரும் ஓலைக்கூரையும். அன்றைய திருவிதாங்கூரில் ஓடு வேய நினைத்தாலும் சாதி குறுக்கே நிற்கும். பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே இந்தத் தென் வட்டங்களில் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை வந்தது. 1888இல் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்ததும் அந்தக் கணக்கின் தொடர்ச்சியே. திருக்குறளை மலையாளத்தில் பெயர்க்கத் தொடங்கிய குரு, தமிழிலும் பதிகம் பாடியவர். இன்று விளைகளில் வளைகுடாப் பணம் எழுப்பிய கான்கிரீட் மாடிகள்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழைய பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மாவுக்கு அதன் பொந்துதான் புகலிடம் என்பது ஐதீகம். மன்னருக்கும் ஒரு நாள் வீடு இல்லாமல் போன ஊர் இது.

கடைசியாகப் பாட்டு. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளையில் இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்த, எல்லை கடந்து நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் தங்கல். அதற்கடுத்த நாள் திருவனந்தபுரம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் அவள் முன்னால் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு.

இந்த மண் இரண்டு பெரிய பாடகர்களைத் தந்தது. நெய்யாற்றின்கரை வாசுதேவன் சென்னையில் ராம்நாட் கிருஷ்ணனிடம் பயின்றவர். 2004இல் பத்மஸ்ரீ பெற்றார், 2008இல் மறைந்தார். பாறசாலை பொன்னம்மாள் 1924இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. முத்தையா பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று அவருக்குப் பாடம் சொன்னவர்கள் தமிழ்நாட்டு வித்வான்கள்.

அந்தச் சரஸ்வதி ஆண்டுதோறும் பொன்னம்மாளின் ஊர் வழியாகத்தான் போனாள். ஆனால் மண்டபத்தில் பெண்கள் பாட அனுமதி இல்லை. தலைமுறை தலைமுறையாக நீடித்த அந்தத் தடை 2006இல் நீங்கியது. முதலில் அமர்ந்து பாடிய பெண் பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81. 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021இல் 96 வயதில் காலமானார்.

தாய்மொழி தமிழ், ஊர் கேரளம், பாட்டு இரண்டுக்கும் பொது. சிநேகிதரின் முதல் கேள்விக்குப் பாறசாலைக்காரர் சொல்லக்கூடிய பதில் இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது.