விதைக்கு விடும் காய்

கத்தரி ரகம் தேர்ந்தெடுப்பதை நான் புடவை எடுப்பதுபோலத்தான் தொடங்கினேன். பாலூர் 1 அந்தப் பளபள ஊதாவுக்காக, கே.கே.எம். 1 கொத்துக் கொத்தாக வரும் வெள்ளைக் காய்க்காக, கோ 2 அதன் வரிகளுக்காக. எதிர்வீட்டுப் பெரியம்மா அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் பிறந்து வேலூருக்கு வாழ வந்தவர். என் விதைப் பொட்டலங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல கத்தரிக்காய என்ன செஞ்சு தின்னுவீங்க?" என்றார்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய். பெரும்பாலும் அதுதான்.

"அதுக்கு முள்ளுக்கத்தரி போதுமே."

இலவம்பாடி முள்ளுக்கத்தரி அவர் ஊர்ப் பக்கத்துக் காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சிட்டிகை விதை தந்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டு, மற்ற ரகங்களையும் விடாமல், மாடியில் குரோபேக்குகளை ஒட்டி ஒட்டி வைத்து எல்லாவற்றையும் நட்டேன்.

வெயில் ஏறியதும் பூ கொட்டியது. உரம் போதவில்லை என்று இன்னும் அள்ளிப் போட்டேன், இலைதான் தழைத்தது. பெரியம்மா ஒரு பூவைக் கவிழ்த்து, மஞ்சள் மகரந்தக் கூம்பின் நுனியைத் தடவச் சொன்னார். விரலில் ஏதோ குத்துகிறமாதிரி பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது சூல்முடி. "இது நிக்கும்." அடுத்த பூவில் கூம்பு மொழுக்கென்று இருந்தது; சூல்முடி உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தது. "இது உதிர்ற பூ. உரத்தக் கொட்டி என்ன பண்ணுவ?" அதன்பின் எந்த ரகம் எங்கள் மாடி வெயிலைத் தாங்குகிறது என்பதைப் பூவைத் தடவியே பார்த்தேன். முள்ளுக்கத்தரி தாங்கியது.

தலை தொங்கிய கொழுந்துகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றை ஒடித்து நசுக்கச் சொன்னார். தண்டு உள்ளே கூடாக இருந்ததால் எதிர்ப்பே இல்லாமல் அமுங்கி, புழு வெளியே வந்தது. வாடிய நுனியைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி அழிக்கவேண்டும் என்பது அன்று பிடிபட்டது.

பெரிய அடி அடுத்த பருவத்தில் விழுந்தது. சொந்த விதை என்ற பெருமையோடு முளைக்கவைத்தேன். சில செடிகளில் முள்ளும் இல்லை, வரியும் இல்லை. வெளிறிய ஊதாவில் எந்த ஊருக்கும் சேராத காய். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், வண்டுகள் பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். முதல் ஆண்டுக் காயில் அது தெரியாது. விதைக்குள்தான் போய் உட்காரும். அதைவிட, நான் விதைக்கு விட்டது பருவக் கடைசியில் பறிக்க மறந்த முற்றல் காயை. "ஓய்ஞ்ச செடியில எடுத்தா விதையும் அப்படித்தான் இருக்கும்" என்று பெரியம்மா முகம் சுளித்தார்.

ஒரே ரகத்தோடு நின்றேன். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடியில் மொட்டுக்கே மெல்லிய துணி கட்டி, பிஞ்சு பிடித்ததும் காம்பில் நூல் சுற்றினேன். காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை குழம்புக்குப் பறிக்காமல் இருப்பதுதான் சிரமம். பழத்தைப் பிசைந்து இரவு நீரில் விட்டால், வழுக்கிக்கொண்டிருந்த விதை காலையில் விரலிடுக்கில் நறநறக்கும். கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைத்தேன்.

இந்த ஆடிப்பட்டத்துக்குப் பெரியம்மாவே விதை கேட்டார். கொடுத்ததைக் கிண்ணத்து நீரில் கொட்டிக் கலக்கினார். மிதந்ததை வழித்து எறிந்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டார்.