கை காட்டிய ரோடு

ஐந்தோவனில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது போய்வருகிறோம். நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் 2020 மார்ச்சிலிருந்து காலை 6 மணி முதல் மாலை 7 வரை 100 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. நைட்ரஜன் மாசைக் குறைக்க வந்த சட்டம். பகலில் வண்டிகள் கோயில் வரிசை மாதிரி நகரும். திரும்பும்போது வென்லோ எல்லையில் ஏ67 என்ற ரோடு ஏ40 ஆகிறது, ஜெர்மனி. பேர் மட்டுமா மாறுகிறது? பலகை தடுக்காத இடத்தில் வேகத்துக்கு வரம்பே கிடையாது. 130 என்பது வெறும் பரிந்துரை. அதுவரை சாதுவாக வந்தவனெல்லாம் (என்னையும் சேர்த்துத்தான்) ஆக்சிலேட்டரை மிதிக்கிறான்.

ஆனால் இரண்டு நாட்டிலும் ரோட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஹாரன் சத்தம் கேட்டே மாதக்கணக்காகிறது.

சாத்தூரில் எங்கள் சித்தப்பா லாரி ஓட்டினார். தீப்பெட்டி பண்டல் ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, மதுரைக்கு. பள்ளிக்கூட லீவில் நானும் கேபினில் ஏறிக்கொள்வேன், மடியில் காராச்சேவுப் பொட்டலத்தோடு. அன்றைக்கு அது என்.எச். 7. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகத்தான் இடம். முன்னால் போகிறவனைத் தாண்டி ஏற வேண்டுமென்றால் அவனிடம் கேட்டாக வேண்டும். சித்தப்பா ஹாரன் அடிப்பார். அந்த லாரியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீளும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, நகக்கண்ணில் கிரீஸ். உள்ளங்கை கீழே பார்த்துத் தட்டினால் பொறு, எதிரே பஸ் வருது. நாலு விரலும் முன்னால் தள்ளினால் வா. தாண்டும்போது சின்னதாக ஒரு 'பாம்'. அது நன்றி.

"மூஞ்சி தெரியாதவன் கையை நம்பித்தாண்டா ஏறுறோம்" என்பார்.

பொல்லாத ரோடுதான் அது. அகலமாக்கியதைக் குறை சொன்னால் வாய் வேகும்.

போன லீவில் ஊருக்குப் போனேன். நாலுவழிச் சாலை, இப்போது என்.எச். 44. எட்டூர்வட்டம் டோல்கேட் தாண்டியதும் ஒரு லாரி வலது ஓரத்தையே பிடித்துக்கொண்டு போனது. ஜெர்மனியில் முந்தியதும் ஒதுங்காதவனைப் பின்னால் வருகிறவன் முறைப்பான். இங்கே எல்லோரும் இடதுபக்கமாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பின்னாலேயே போய் ஹாரன் அடித்தேன்.

ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.